ஊட்டியில் 700 படுக்கை ரெடி... நைட் டூட்டியில் எத்தனை நர்ஸ்?

2025 ஏப்ரல் 6-ம் தேதி ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். 700 படுக்கைகள். அதில் 50 பழங்குடி மக்களுக்கென ஒதுக்கப்பட்டவை. கொஞ்சம் சீரியஸ் என்றாலே கோவைக்கு வண்டி பிடித்துக்கொண்டிருந்த மாவட்டத்துக்கு இது பெரிய விஷயம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி திறக்கும்போதெல்லாம் படுக்கைக் கணக்கு வரும், ஸ்கேன் மெஷின் கணக்கு வரும். ராத்திரி 2 மணிக்கு எமர்ஜென்சியில் எத்தனை நர்ஸ் நிற்பார்கள் என்ற கணக்கு மட்டும் வருவதே இல்லை.

அந்தக் கணக்கு ஏன் முக்கியம்?

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் 'டேய்' திட்டத்தின்படி நோயாளிகளை சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். சிவப்பு என்றால் உடனே பார்க்க வேண்டும். மஞ்சள் கொஞ்சம் பொறுக்கலாம். சிக்கல் என்னவென்றால், மஞ்சளில் படுத்திருப்பவர் அரை மணி நேரத்தில் சிவப்பாக மாறலாம். வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறவர் முதலில் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருப்பார். டாக்டர் பார்த்துவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விடுவார். திரும்பத் திரும்ப பிபி, நாடித்துடிப்பு பார்த்து, 'சார், இவருக்கு இறங்குது' என்று கூப்பிடுவது நர்ஸ்தான். ஒரு நர்ஸ் பத்துப் பேரைப் பார்க்கும்போது ஊசி நிற்காது, டிரிப்ஸ் நிற்காது. முதலில் விட்டுப்போவது இந்த 'திரும்பப் பார்ப்பது'தான். அது எந்த கேஸ் ஷீட்டிலும் தவறாகப் பதிவாகாது என்பதுதான் கொடுமை.

இது சும்மா அனுமானம் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2002-ல் வெளியானது. ஒரு நர்ஸுக்குக் கூடுதலாக ஒரு நோயாளி சேர்ந்தாலே, 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவிகிதம் கூடியது. கலிஃபோர்னியாவில் 2004 முதல் எமர்ஜென்சியில் ஒரு நர்ஸுக்கு அதிகபட்சம் 4 பேர் என்பது சட்டம். இந்திய நர்சிங் கவுன்சிலும் பொது வார்டில் மருத்துவக் கல்லூரி என்றால் 3 பேருக்கு ஒருவர், மற்ற மருத்துவமனை என்றால் 5 பேருக்கு ஒருவர் என்று விதி வைத்திருக்கிறது. நடைமுறையில் அது பரிந்துரை மாதிரிதான்.

சமவெளியில் ஆள் குறைந்தால் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து வரவழைக்கலாம். மலையில்? 2023 செப்டம்பர் 30 மாலை, குன்னூர் மரப்பாலம் அருகே தென்காசி மாவட்டத்துச் சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்தது. 9 பேர் உயிரிழந்தார்கள், காயம்பட்டவர்கள் குன்னூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இப்படி ஒரே நேரத்தில் ஒரு பஸ் ஜனம் உள்ளே வந்தால் வார்டுகளில் இருக்கும் நர்ஸ்களைத்தான் இழுக்க வேண்டும். அப்போது வார்டை யார் பார்ப்பது? கூடலூரிலிருந்து ஊட்டிக்கு சுமார் 50 கி.மீ., ஊட்டியிலிருந்து கோவைக்கு கிட்டத்தட்ட 90 கி.மீ., அதுவும் மலைப்பாதை. ரெஃபர் செய்த நோயாளியோடு ஒரு நர்ஸ் வண்டியில் ஏற வேண்டி வந்தால் அவர் திரும்பி வர விடிந்துவிடும்.

சரி, ஆளே கிடைக்கவில்லையா? அப்படிச் சொல்ல முடியாது. 2015-ல் எம்.ஆர்.பி. தேர்வு எழுதி வந்த நர்ஸ்களுக்குக் கொடுத்த தொகுப்பூதியம் மாதம் ரூ.7,700. இரண்டு வருடத்தில் நிரந்தரம் ஆகும் என்று நம்பி வந்தவர்கள், 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். பிறகு ரூ.14,000, அதன்பின் ரூ.18,000. கொரோனாவில் எடுத்தவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ம் தேதியோடு முடிந்தது. கைதட்டினோமே, அவர்கள்தான். இந்தச் சம்பளத்தில் ஊட்டியில் வாடகைக்கு வீடு எடுத்து, நைட் டூட்டி முடித்துக் குளிரில் பஸ்ஸுக்கு நிற்கச் சொன்னால், டிரான்ஸ்ஃபர் கேட்பவரைக் குறை சொல்ல முடியுமா?

வழி இதே மாவட்டத்தில் இருக்கிறது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில், 'அஸ்வினி' அமைப்பு பணியர், பெட்டகுறும்பர் போன்ற சமூகத்துப் பெண்களையே நர்ஸ்களாகப் பயிற்சி கொடுத்து வளர்த்தது. அவர்களுக்கு நோயாளியின் மொழி தெரியும், வீடும் பக்கத்தில். எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்தும் நர்சிங் படிக்கிற பெண்களுக்கு இதேபோல வேலையும் குவார்ட்டர்ஸும் கொடுத்தால், மலையை விட்டு ஓட அவர்களுக்குக் காரணம் இல்லை.

அதற்கு முன்னால் செலவே இல்லாத ஒரு வேலை. 2025 ஏப்ரலில் நீலகிரிக்குள் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என்று இ-பாஸில் எண்ணி அனுமதித்தார்கள். கார்களை எண்ணத் தெரிந்த மாவட்டம், ஒவ்வொரு ஷிஃப்டிலும் எமர்ஜென்சி வாசலில் 'இன்று டூட்டியில் இத்தனை செவிலியர், உள்ளே இத்தனை நோயாளிகள்' என்று ஒரு போர்டில் எழுதி வைக்கட்டும்.