நிறைந்த பொக்கிஷம், ஆயத்தமற்ற வாரிசு



பத்துபஸ்தியில் குடியிருக்கும் நம்மவரில் அநேகர் இன்னும் தங்கள் நகரத்தைப் போர்ட் பிளேயர் என்றே அழைக்கின்றனர். 2024 செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜய புரம் என்னும் பெயர் அறிவிக்கப்பட்டபோது, சோழர் கடற்படைக்கும் இத்தீவுகளுக்கும் இருந்த தொடர்பு நினைவுகூரப்பட்டது. முதலாம் இராஜேந்திரனின் தஞ்சைக் கல்வெட்டு, அவன் வென்ற இடங்களில் ஒன்றாக நிக்கோபாரை ‘மாநக்கவாரம்’ என்று குறிக்கிறது. அந்தக் கடற்படையெடுப்பு 1025-ஆம் ஆண்டில் நடந்தது.

அதே ஆண்டு டிசம்பரில், இன்று இஸ்தான்புல் எனப்படும் கான்ஸ்டாண்டிநோபிளில், கிரேக்கப் பேரரசன் இரண்டாம் பாசில் மரித்தான்.

பாசில் ஐந்து வயதில் தகப்பனை இழந்தவன். முடி அவன் தலையில் இருந்தது. அதிகாரமோ தளபதிகளின் கையில் இருந்தது. 976-இல் அரசாளத் தொடங்கிய பின்னும் கலகங்கள் ஓயவில்லை. தன் சகோதரி அன்னாளைக் கீவ் நாட்டு விளாதிமீருக்கு மணமுடிக்க இசைந்து, அங்கிருந்து வந்த வீரர்களின் துணையால் சிங்காசனத்தைக் காத்துக்கொண்டான். செல்வந்தர்கள் ஏழை விவசாயிகளின் நிலங்களை விழுங்காதபடி 996-இல் சட்டம் இயற்றினான். ஆனால் அவன் கை கொடியது. 1014-இல் தன்னைப்போலவே கிறிஸ்தவரான பல்கேரியரில் 15,000 கைதிகளைக் குருடாக்கினான் என்று பழைய சரித்திரங்கள் கூறுகின்றன. எண்ணிக்கை மிகையானது என இன்றைய ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். 1018-இல் பல்கேரியா முழுவதும் அவன் வசமாயிற்று.

அவன் ஆடம்பரத்தை வெறுத்தான். இரண்டு லட்சம் தாலந்து சேர்த்து வைத்தான் என்றும், அதை வைக்க நிலத்தடியில் சுரங்க அறைகள் வெட்டினான் என்றும் பிசெல்லோஸ் என்னும் சரித்திர ஆசிரியர் எழுதினார். எனினும் அவன் மணம் புரியவில்லை. தனக்குப் பின் ஆள ஒருவரையும் பழக்கவில்லை. பெயரளவில் உடனரசனாக இருந்தும் ஆட்சிப் பொறுப்பை அறியாத தம்பி கான்ஸ்டன்டைன் பட்டத்துக்கு வந்து, மூன்றே ஆண்டுகளில் மரித்தான். அடுத்தடுத்து வந்தவர்கள் பொக்கிஷத்தைக் கரைத்தார்கள். 1071-இல் மன்சிகெர்ட் போரில் பேரரசனே துருக்கியரிடம் சிறைப்பட்டான். பாசில் மரித்து அப்போது ஏறத்தாழ 46 ஆண்டுகளே ஆகியிருந்தன.

சோழர் வீட்டிலோ வேறு வழக்கம் இருந்தது. இராஜராஜன் உயிரோடிருக்கும்போதே, 1012-இல் இராஜேந்திரனை உடனரசனாக்கினான். இராஜேந்திரனும் 1018-இலேயே தன் மகன் இராஜாதிராஜனைத் தன்னோடு ஆட்சியில் அமர்த்தினான். தகப்பன் 1044-இல் மறைந்தபோது, மகனுக்கு இருபத்தைந்து ஆண்டுக்கும் மேற்பட்ட பழக்கம் இருந்தது. கொப்பம் போர்க்களத்தில் இராஜாதிராஜன் மடிந்தபோது, அவன் தம்பி அங்கேயே முடிசூடிப் படையை நடத்தி வென்றான்.

பிரியமானவர்களே, பிழைப்புக்காகக் கடல் கடந்தும் நகரங்களுக்கும் வந்த நாம் பிள்ளைகளுக்காகவே பாடுபடுகிறோம். வயிற்றைக் கட்டிச் சேமிக்கிறோம், மனை வாங்குகிறோம். நல்லதுதான். ஆனால் பத்திரம் எங்கே இருக்கிறது, கடன் யாருக்கு எவ்வளவு, கடைக்கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்பதை மனைவியும் பிள்ளைகளும் அறிவார்களா? “அவன் படிக்கட்டும், இதெல்லாம் பிறகு” என்று தள்ளிவைக்கிறோம் அல்லவா? பாசிலுக்கு அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை.

இந்த மாதம் ஒருநாள் மாலையில் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, மகனையும் மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். தவறாகக் கூட்டினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அருகில் இருக்கும்போதே அவர்கள் தவறிப் பழகட்டும்.