ஆம்பூர்க்காரருக்கு அந்த 30 டாலர் கிடைக்காது

2025-ல் அமெரிக்காவில் இருக்கும் ஃபேஸ்புக் ஆசாமிகள் பலருக்கு ஒரு சின்னத் தொகை வந்து சேர்ந்தது. ஆளுக்குச் சராசரியாக 30 டாலர் அளவில். ஒரு குடும்பம் ஒருவேளை வெளியே போய்ச் சாப்பிட்டால் தீர்ந்துவிடும். ஆனால் அது வந்த வழிதான் சுவாரஸ்யம்.

2018 மார்ச்சில் வெடித்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் நினைவிருக்கலாம். 'உங்கள் குணம் எப்படி?' என்று கேட்கும் ஒரு ஆப். அதில் விளையாடியவர்களின் தகவலோடு, அவர்களுடைய நண்பர்களின் தகவலும் சேர்த்து உருவப்பட்டு, தேர்தல் பிரச்சார வேலை செய்யும் ஒரு கம்பெனியிடம் போனது. உலகம் முழுக்க 8.7 கோடி பேர் வரை இருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. அமெரிக்கப் பயனாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். 2022 டிசம்பரில் 72.5 கோடி டாலருக்கு சமரசம் ஆனது. 2007 மே முதல் 2022 டிசம்பர் வரை அங்கே ஃபேஸ்புக் கணக்கு வைத்திருந்த யாரும் பங்கு கேட்கலாம். 2023 ஆகஸ்ட் 25-க்குள் ஒரு ஃபாரம் நிரப்பினால் போதும். வக்கீல் வைக்க வேண்டாம், கோர்ட் வாசல் மிதிக்க வேண்டாம்.

அதே ஆப்பை இந்தியாவில் இறக்கிக்கொண்டவர்கள் 335 பேர்தான். அவர்களால் மாட்டிக்கொண்டிருக்கக் கூடியவர்கள் மொத்தம் 5,62,455 பேர். இதுவும் ஃபேஸ்புக் கொடுத்த கணக்குதான். சிபிஐ 2021 ஜனவரியில் வழக்குப் பதிந்தது. ஆனால் இங்கே இருப்பவர்கள் நிரப்புவதற்கு ஃபாரம் எதுவும் வரவில்லை. அந்த சமரசம் அமெரிக்காவில் இருந்தவர்களுக்கு மட்டும்.

"கூட்டு வழக்கு, நஷ்டஈடு எல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நம்ம ஊருக்கு ஒத்துவராது" என்று சொல்பவர்கள் உண்டு. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துக்காரர்கள் மட்டும் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. (ஆம்பூரும் வாணியம்பாடியும் 2019-லிருந்து திருப்பத்தூர் மாவட்டம். ராணிப்பேட்டை தனி மாவட்டம். தோல் கழிவுக்கு மாவட்ட எல்லை தெரியாது, அது வேறு விஷயம்.)

பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் விட்ட கழிவு நீர் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது: மாசுபடுத்தியவனே பணம் கட்ட வேண்டும். சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் தீர்ப்பு அது. அதோடு நிற்காமல், யார் யார் பாதிக்கப்பட்டார்கள், யாருக்கு எவ்வளவு என்று கணக்கெடுக்க ஒரு ஆணையமும் அமைக்கச் சொன்னது. அந்த ஆணையம் 2001 மார்ச்சில் 29,193 பேரைப் பட்டியல் போட்டு, சுமார் 26.82 கோடி ரூபாய் நஷ்டஈடு நிர்ணயித்தது. கட்ட வேண்டியவை 547 தொழிற்சாலைகள்.

இங்கே ஒரு விஷயம். கிணற்றில் கலந்த உப்பு எந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்தது என்று ஒரு விவசாயி தனியாக நிரூபிக்கவே முடியாது. தலைக்குப் பிரித்தால் சராசரி பத்தாயிரத்துக்கும் கீழே. அதற்காக டெல்லி வரை தனியாகப் போகிறவர் யார்? எல்லோரையும் ஒரே கூட்டமாகப் பார்த்ததால்தான் காரியம் நடந்தது. களவு போன ஃபோன் நம்பருக்கும் இதே கதைதான். லோன் வேண்டுமா என்று தினம் நாலு கால் வருகிறது. நம்பரை விற்றது சிம் கார்டு விற்ற கடையா, இன்சூரன்ஸ் கம்பெனியா, ஆதார் நகல் எடுத்த ஜெராக்ஸ் கடையா? ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண் இதை எங்கே போய் நிரூபிப்பார்?

வேலூர்க் கதையை ரொம்பவும் கொண்டாடவும் முடியாது. பணம் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் தலையிட்டு, மீதியை ஆறு வாரத்தில் கொடுங்கள் என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்பு வந்து 28 வருஷம் கழித்து! அப்படியிருந்தும் பட்டியல் என்று ஒன்று இருந்ததால்தான் "மீதி எங்கே?" என்று கேட்க முடிந்தது.

தகவல் விஷயத்தில் அந்தப் பட்டியலே இல்லை. 2024-ல் சென்னையைச் சேர்ந்த ஸ்டார் ஹெல்த் இன்சூரன்ஸ் வாடிக்கையாளர்களின் தகவல்கள் டெலிகிராமில் கிடைத்தன. மருத்துவ ரிப்போர்ட்டுகள் உட்பட. 3.1 கோடி பேருடையது கைவசம் இருக்கிறது என்று திருடியவன் சொல்லிக்கொண்டான். கம்பெனி சென்னை ஹைகோர்ட்டுக்குப் போய் அதை முடக்க உத்தரவு வாங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் வழக்குப் போட்டது கம்பெனி. ரிப்போர்ட் வெளியே போன நோயாளிகள் வழக்கில் எங்கும் இல்லை.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நம்பிக்கையோடு கொடுத்த சொந்தத் தகவலைச் சட்டவிரோதமாக வெளியே விடுவதை நியாயமற்ற வணிக முறை என்கிறது. 35-வது பிரிவின்படி, ஒரே குறை உள்ள பலருக்காக ஒருவரே ஆணையத்தின் அனுமதியோடு புகார் கொடுக்கலாம். காசு கொடுத்து வாங்கிய சேவையாக இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். ஃபேஸ்புக் ஓசி. இன்சூரன்ஸ் ஓசி இல்லையே?

2023-ல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம்தான் பெரிய ஏமாற்றம். அபராதம் 250 கோடி வரை போடலாம், பார்க்க ஜோராக இருக்கிறது. அந்தப் பணம் போவது அரசாங்கக் கஜானாவுக்கு. பாதிக்கப்பட்டவருக்கு ஒரு பைசா கிடையாது. போதாக்குறைக்கு, கவனக்குறைவால் தகவலைக் கசியவிட்ட கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்க வழி செய்த ஐ.டி. சட்டத்தின் 43ஏ பிரிவையும் இது நீக்குகிறது. பொய்ப் புகார் கொடுத்தால் மட்டும் புகார் கொடுத்தவருக்குப் பத்தாயிரம் வரை அபராதம்! தோல் தொழிற்சாலைகளிடம் வசூலித்த பணத்தை டெல்லி கஜானாவில் போட்டுவிட்டு, விவசாயியிடம் "நீதி கிடைத்துவிட்டது, வீட்டுக்குப் போ" என்று 1996-ல் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. சட்டத்தின் முக்கியப் பகுதிகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம். அதுவரை 43ஏ உயிரோடு இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில், சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. ஒரே கம்பெனியில் பாலிசி எடுத்த பத்துப் பேர் சேர்ந்து ஒரு மனு எழுத வேண்டியதுதான் பாக்கி.