பந்தய வண்டியும் பயண வண்டியும்



ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் புதிதாக வாங்கிய வண்டிகளை மந்திரித்துக் கொடுப்பது முகப்பேரில் நமக்கு வழக்கமான அலுவல். சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, மக்கள் அனைவரும் கலைந்து செல்லும்வரை ஓர் இளைஞர் மதிலோரம் தனியே காத்திருந்தார். அருகில் 350 சி.சி. மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. "யாரும் இல்லாத நேரம் பார்த்து மந்திரித்துவிடுங்கள், சுவாமி. நண்பர்கள் கண்டால் 'தாத்தா வண்டி' என்று கேலி செய்வார்கள்" என்றார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே இளைஞர் சிவப்பு நிறப் பந்தய வகை வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அன்று பூசைக்கு வந்த வாலிபர் பாதிப்பேர் அதைச் சூழ்ந்து நின்றனர். நாமும் தீர்த்தம் தெளித்தோம். அன்று நடுமுற்றத்தில் தலைநிமிர்ந்து நின்றவர், இன்று ஏன் மதிலோரம் நாணி நிற்கவேண்டும்? இக்கேள்வியே இம்மாதம் நம்மை எழுதத் தூண்டியது. அவருடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறோம்.

அவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பணிபுரிகிறார். வீட்டிலிருந்து வேலைத்தலம் நாலைந்து கிலோமீட்டர்தான். அந்தச் சிறு தொலைவில் எத்தனை சிக்னல், எத்தனை வேகத்தடை, எத்தனை தண்ணீர் லாரி என்பதை இப்பகுதியில் வாழ்வோர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை. வீடு திரும்பும்போது மணிக்கட்டு மரத்துப்போகும் என்றார். திருமணமாகி ஓராண்டு ஆகிறது. மனைவி இப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. பின்னிருக்கை உயரமாகவும் குறுகலாகவும் இருந்தபடியால், அந்தப் பெண் ஒருநாளும் அதில் அச்சமின்றி அமர்ந்ததில்லை. கணவர் வண்டியில் முன்னே செல்ல, மனைவி ஆட்டோவில் பின்னே வருவார்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டவர், ஒரு மாலை நேரத்து நிகழ்ச்சியைப் பொறுக்க இயலவில்லை. நொளம்பூர்ப் பக்கம் புறவழிச்சாலையை ஒட்டிய தெருவில், முன்னால் சென்ற காரை முந்தும் நோக்கில் குனிந்து விரைந்தார். சைக்கிளில் வந்த பள்ளிச் சிறுமி ஒருத்தி காரின் மறைவிலிருந்து வெளிப்பட்டாள். வண்டி நின்றபோது இடைவெளி ஒரு முழம்கூட இல்லை. சிறுமி அழவில்லை, இவரை உற்றுப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். "அந்தப் பார்வையை வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை, சுவாமி" என்றார்.

நாம் இதைக் கேட்டபோது உபதேசம் செய்ய வாய் வரவில்லை. குருப்பட்டம் பெற்ற புதிதில் நம்மிடமும் பழைய யமஹா ஆர்.எக்ஸ்.100 ஒன்று இருந்தது. 1985 முதல் 1996 வரை நம் நாட்டில் உற்பத்தியான அந்த 98 சி.சி. வண்டியின் பாய்ச்சலை அறிந்தவர்கள் நம் வயதினரில் பலர். நோயாளியைச் சந்திக்கச் செல்கிறோம் என்ற பெயரில் நாம் பறந்ததும் உண்டு. வேகத்தின் இனிமை நமக்குத் தெரியும். ஆகவே இளைஞரை நோக்கி விரல் நீட்ட நாம் எழுதவில்லை.

பந்தய வண்டி கெட்ட வண்டி அன்று. அதற்குரிய இடம் வேறு. ஒருகாலத்தில் செங்குன்றத்துக்கு அப்பால் சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. பின்னர் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத்தடம் அமைந்தது. அங்கே எதிரே லாரி வாராது; பள்ளிச் சிறுமி சைக்கிளில் குறுக்கிடாள். அத்தகைய இடத்தை மனத்தில் வைத்தே அவ்வண்டியின் இருக்கை அமைகிறது. ஹாண்டில்பார் தாழ்ந்திருக்கும், கால்தாங்கிகள் பின்னே உயர்ந்திருக்கும், ஓட்டுபவர் முன்சாய்ந்து காற்றைக் கிழித்துச் செல்லவேண்டும். மிகு வேகத்தில் எதிர்க்காற்று மார்பைத் தாங்குவதால் கைகளில் பாரம் குறையும். பாடி மேம்பாலத்தருகே வண்டிகள் ஊர்ந்து செல்லும்போது அந்தக் காற்று ஏது? உடலின் பாரம் உள்ளங்கைகளில் இறங்குகிறது. கழுத்தை நிமிர்த்தியே பார்க்கவேண்டியிருப்பதால் பிடரி நோகிறது. ஹாண்டில்பார் திரும்பும் அளவும் குறைவாதலால், குறுகிய தெருவில் வண்டியைத் திருப்புவதற்குக் காலை ஊன்றி ஊன்றித் தள்ளவேண்டும்.

அமரும் முறையே பெரிய வேறுபாடு என்பதற்கு நம்மூர்ச் சான்று ஒன்று உண்டு. 1955 முதல் சென்னையில் மோட்டார் சைக்கிள் செய்துவரும் ராயல் என்பீல்டு நிறுவனம், 2018 நவம்பரில் இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜி.டி. என்னும் இரு வண்டிகளை இந்தியாவில் ஒருங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டிலும் இருப்பது ஒரே 648 சி.சி. இரட்டை சிலிண்டர் இன்ஜின். ஏறத்தாழ 47 குதிரைத்திறன். ஆனால் முன்னதில் ஹாண்டில்பார் அகன்று உயர்ந்திருக்கிறது, பின்னதில் தாழ்ந்திருக்கிறது. ஒரே நெஞ்சத் துடிப்பு. ஒருவர் நிமிர்ந்து செல்கிறார், மற்றவர் குனிந்து செல்கிறார். நிமிர்ந்து அமர்பவருக்கு முன் நிற்கும் கார்களுக்கு மேலாகவும் சாலை தெரியும். அந்தச் சிறுமியின் தலை ஒரு நொடி முன்னதாகத் தெரிந்திருக்கும்.

வலிமை குறைந்துவிடும் என்று அஞ்சுவோர்க்கும் ஒன்று சொல்வோம். நம் தெருக்களில் அடிக்கடி காணும் இரண்டு வண்டிகளை ஒப்பிடுவோம். பந்தய வகையைச் சேர்ந்த யமஹா ஆர்15, 155 சி.சி. இன்ஜின் கொண்டது, 18 குதிரைத்திறனுக்குச் சற்று மேல் தருகிறது. ஆனால் அதைப் பெற இன்ஜின் நிமிடத்துக்குப் பத்தாயிரம் முறை சுழலவேண்டும். ராயல் என்பீல்டு கிளாசிக் 350 தருவது 20 குதிரைத்திறன். அதற்கு ஆறாயிரத்துச் சொச்சம் சுழற்சி போதும். இழுக்கும் விசையோ முன்னதில் 14 நியூட்டன் மீட்டர், பின்னதில் 27. அதுவும் நாலாயிரம் சுழற்சியிலேயே கிடைத்துவிடும். மனைவியை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது அடிக்கடி கியர் மாற்றாமல் செல்லலாம் என்பதே இக்கணக்கின் பொருள். ஒன்று ஓடிக் காட்டும் வலிமை. மற்றொன்று சுமந்து காட்டும் வலிமை. குடும்பஸ்தனுக்கு எது வேண்டும் என்பதை அவரவர் எண்ணிக்கொள்க.

எனினும் வண்டியை மாற்றினால் மனமும் தானே மாறிவிடும் என்று எவரும் நம்பிவிடலாகாது. சாந்தமான வண்டியும் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறார். 80 கிலோமீட்டர் வேகத்தில் 22 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கைவைப்பதற்குள் அந்தத் தூரம் போய்விடும். பிரேக் பிடித்தபின் நிற்க வேண்டிய தூரமோ இரு மடங்கு அன்று, நான்கு மடங்கு. 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில், சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். கருவியை 2019 ஏப்ரல் முதல் அரசு கட்டாயமாக்கியது. நல்ல ஏற்பாடு, ஆயினும் கடந்துவிட்ட தூரத்தை அது திருப்பித் தாராது. நம் பக்கத்துப் பாடியில் 1960-களில் இருந்தே பிரேக்கும் சக்கரமும் செய்யும் ஆலைகள் உள்ளன. அவற்றின் சம்பளத்தில் பிள்ளைகளை வளர்த்த குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் ஏராளம். பிரேக்கின் அருமையை நமக்குப் பிறர் கற்பிக்க வேண்டுமா?

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர் என்று மத்திய அரசு வெளியிட்டது. அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அந்த ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் மாநிலங்களுள் முதலிடத்தில் நின்றது நம் தமிழகம். இறந்தோர் வீட்டுக்கு ஆறுதல் சொல்லச் செல்வது எம்போன்றோரின் கடமை. கூடத்தில் உடல் கிடக்க, வாசலில் சிதைந்த வண்டி நிற்கும் காட்சியை நாம் கண்டிருக்கிறோம். அதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.

வண்டியை மாற்ற எண்ணுவோர்க்குச் சில நடைமுறைகளைச் சொல்வது பயன்தரும். முதலாவது, புது வண்டியைத் தனியே ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பின்னால் அமரப்போகிறவரையும் அழைத்துச் செல்லுங்கள். பின்னிருப்பவர்க்குக் கைப்பிடி, கால்தாங்கி, பின்சக்கரத்தில் பாதியையேனும் மறைக்கும் காப்பு ஆகியவை வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதி. அழகு கெடுகிறதென்று அக்காப்பைக் கழற்றி எறிவோர் உண்டு. சேலை முந்தானை சக்கரத்தில் சிக்கும்போது அழகு உதவாது. இரண்டாவது, எடையைக் கவனியுங்கள். மேலே சொன்ன ஆர்15 ஏறத்தாழ 142 கிலோ. கிளாசிக் 195 கிலோ. தள்ளிப் பார்த்து, ஸ்டாண்டு போட்டுப் பார்த்து, இரு பாதமும் தரையில் பதிகின்றனவா என்று கண்டபின் வாங்குங்கள். முதல் சில வாரம் நிதானமாக ஓட்டிப் பழகுங்கள். மூன்றாவது, பழைய வண்டியின் கடனை அடைத்துத் தடையில்லாச் சான்று பெற்று, வாங்குபவர் பெயருக்குப் பதிவுப் புத்தகத்தையும் இன்சூரன்சையும் மாற்றும்வரை ஓயாதீர்கள்.

நான்காவது, யாருக்கு விற்கிறீர்கள் என்று பாருங்கள். நம் இளைஞரின் சிவப்பு வண்டியை நல்ல விலைக்குக் கேட்டு ஒரு தகப்பனார் வந்தார். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகனுக்காம். உரிமம் எடுக்கும் வயது இன்னும் வரவில்லையாம். பதினெட்டு நிறையாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோர்க்கோ உரிமையாளர்க்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு என்று 2019-இல் திருத்திய சட்டம் கூறுகிறது. சட்டத்தை எண்ணியா, அந்தச் சிறுமியின் பார்வையை எண்ணியா, அறியோம், இளைஞர் மறுத்துவிட்டார். பின்னர் வேறொருவருக்கு எட்டாயிரம் ரூபாய் குறைத்து விற்றார். தமக்கு வேண்டாத ஆபத்தைப் பிறர் பிள்ளையின் தலையில் கட்டாத இந்தச் செயலை, நாம் அண்மையில் கேட்ட பிரசங்கங்கள் பலவற்றினும் மேலாக மதிக்கிறோம்.

பெற்றோரே, மகன் வண்டியை மாற்றி வரும்போது, "அன்றே சொன்னேனே" என்று குத்திக் காட்டாதீர்கள். அவன் தோற்று வரவில்லை, வளர்ந்து வருகிறான். இளைஞரே, உங்கள் தோழன் மாறினால் கேலி பேசாதீர்கள். ஐந்தாண்டில் நீங்களும் மருந்துக் கடைக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் ஓடவேண்டியவர்களே. வாழ்க்கை மாறும்போது அதற்கேற்ற வண்டியைத் தேர்ந்துகொள்வது கோழைத்தனம் அன்று. இருபது வயதின் வண்டியை முப்பதிலும் பிடிவாதமாகப் பற்றிக்கொண்டு, மனைவியை ஆட்டோவில் அனுப்புவதில் வீரம் ஒன்றும் இல்லை.

அன்று நாம் மதிலோரம் மந்திரிக்க மறுத்துவிட்டோம். "அடுத்த ஞாயிறு உம் தாயாரையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு வாரும், தம்பி" என்றோம். வந்தார்கள். பூசை முடிந்து மக்கள் நிறைந்திருந்த முற்றத்தில், முன்பு சிவப்பு வண்டி நின்ற அதே இடத்தில் தீர்த்தம் தெளித்தோம். நண்பர்களில் இருவர் சிரிக்கத்தான் செய்தனர். மூன்றாமவர் அருகில் வந்து, "இது லிட்டருக்கு எவ்வளவு தரும்?" என்று மெல்ல விசாரித்தார். அந்தப் பெண் தலைக்கவசம் அணிந்து, கைப்பிடியைப் பற்றி, முதன்முறையாகக் கணவரின் பின்னே அமர்ந்தார். வண்டி வாயிலைக் கடந்து நிதானமாகத் திரும்பிச் சென்றது. அது கண்ணுக்கு மறையும்வரை தாயார் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு நம்மிடம், "இனிமேல் இரவில் படுத்தால் தூக்கம் வரும், சுவாமி" என்றார்.