இரண்டு வில்லியம் மாரிஸ்களும் ஒரு பனிமூட்ட விளக்கும்

பிரிட்டனின் பழைய கார்களைப் புதுப்பிப்பவர்களிடையே ‘காலத்துக்கு உரியது’ என்ற தொடர் ஒரு மந்திரம்போல் புழங்குகிறது. 1954ஆம் ஆண்டு மாரிஸ் மைனர் என்றால் அதிலுள்ள விளக்கும் கடிகாரமும் வானொலியும் பக்கக் கண்ணாடியும் 1954ஆம் ஆண்டுக்கு உரியவையாகவே இருக்க வேண்டும். பிந்தியவை எல்லாம் கழற்றப்பட வேண்டும். கேட்பதற்கு நாணயமான கோரிக்கைதான். ஆனால் வரலாற்றைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு இது செய்வது வரலாற்றைச் சுரண்டி எடுக்கும் வேலை.

மைனரையே எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. உற்பத்தி முடிவதற்குள் பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்டவை வெளிவந்தன. சிக்கனமான குடும்பங்களுக்கான கார். ஆகவே தொழிற்சாலை கொடுத்தது குறைவு. குளிர் நாட்டில் ஹீட்டர்கூடக் கூடுதல் பணம் கட்டினால்தான். மிச்சத்தை உரிமையாளர் தம் சக்திக்கேற்ப ஒவ்வொன்றாக வாங்கிப் பூட்டிக்கொண்டார்: பர்மிங்காமின் லூகாஸ் விளக்கு, டெஸ்மோ கண்ணாடி, ஸ்மித்ஸ் கடிகாரம், வசதி கூடினால் ரேடியோமொபைல் வானொலி. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. காற்றுத் தூய்மைச் சட்டம் 1956இல்தான் வந்தது. இடைப்பட்ட குளிர்காலம் ஒன்றில் ஒருவர் முன் பம்பருக்கு மேல் ஒரு பனிமூட்ட விளக்கைப் பொருத்தினார் என்றால் அது அலங்காரம் அல்ல. எதிரே வருவது தெரியாத மனிதரின் அச்சம். திசை காட்டுவதற்குக் கதவுத் தூணிலிருந்து கைபோல் நீளும் டிராஃபிகேட்டர்தான் முதலில் இருந்தது. 1961இல் தொழிற்சாலையே அதைக் கைவிட்டு மின்னும் விளக்குக்கு மாறியது. பழைய மைனர்களிலும் பலர் அந்த விளக்கைச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு இருக்கைப் பட்டை வந்தது. இவற்றில் எது அந்தக் காரின் காலம்?

‘காலத்துக்கு உரியது’ என்போர் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அவர்களுக்குக் காலம் என்பது விற்பனை நாளோடு நின்றுவிட்ட ஒன்று. பிந்தியவற்றைக் கழற்றிவிட்டு, பழைய விலைப்பட்டியல்களிலிருந்து விளக்கு இரண்டு, சின்னங்கள் தாங்கும் தண்டு ஒன்று, சாமான் தாங்கி ஒன்று என்று பொறுக்கிப் பூட்டுகிறார்கள். சிக்கனமான குடும்பம் ஒருநாளும் ஒருசேர வாங்கியிருக்க முடியாத பொருட்கள் ஒரே காரில் மின்னுகின்றன. ஆசிரியர் தம் கைப்பட எழுதிய திருத்தங்களையெல்லாம் நீக்கிவிட்டு, அவர் எழுதாத வரிகளைச் சேர்த்து, ‘மூலப் பதிப்பு’ என்று அட்டையில் போடுவதை நாம் ஒப்புவோமா?

இந்த விவாதம் இங்கிலாந்துக்குப் புதிதல்ல. பழைய தேவாலயங்களைப் ‘பழுது பார்க்கிறேன்’ என்று பிற்காலச் சுவடுகளைச் சுரண்டியெடுத்த கட்டடக் கலைஞர்களை எதிர்த்து, கவிஞர் வில்லியம் மாரிஸ் 1877இல் தொன்மைக் கட்டடங்களின் பாதுகாப்புக்கான சங்கத்தைத் தொடங்கினார். சுரண்டல் எதிர்ப்பு என்றே அதற்குச் செல்லப் பெயர். அதே 1877இல்தான் இன்னொரு வில்லியம் மாரிஸ் பிறந்தார்: பின்னாளில் நஃபீல்ட் பிரபு, மாரிஸ் கார்களை உண்டாக்கியவர். இருவருக்கும் உறவில்லை. முதலாமவர் கல்லுக்காக வைத்த வாதம் இரண்டாமவரின் தகரத்துக்கும் பொருந்துகிறது.

பழுதே பார்க்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பழுது பார்க்கச் சொல்கிறேன், மாற்றச் சொல்லவில்லை. டிராஃபிகேட்டர் வேலை செய்யாவிட்டால் புது ஜோடி தேடி அலைகிறார்கள். அதற்குள் இருப்பது ஒரு மின்காந்தச் சுருள். மின்சாரம் பாய்ந்ததும் இரும்புத் தண்டை இழுத்துக் கையை உயர்த்தும். சாதாரணமாக நேர்வது இரண்டே: கீல் வறண்டு இறுகிப்போகும், அல்லது மடங்கி மடங்கிச் சிறு பல்பின் கம்பி அறுந்துபோகும். ஒரு சொட்டு எண்ணெய், ஒரு சாண் கம்பி, கொஞ்சம் பொறுமை. விளக்கின் கதை சற்றுக் கடினம். கிண்ணத்துக்குள் இருக்கும் வெள்ளிப் பூச்சு கறுத்திருக்கும். அழுத்தித் தேய்த்தால் மெல்லிய வெள்ளியே போய்விடும். மறுபடி வெள்ளி பூசுபவரிடம் கொடுப்பதே வழி. துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்கள் கொப்புளித்துக் குழிவிழுந்திருக்கும். பழைய பூச்சைக் கரைத்து, குழிகளைச் சுத்தம் செய்து நிரப்பி, செம்பு, நிக்கல், குரோமியம் என்று அடுக்கடுக்காகப் பூச வேண்டும். இங்கே அவசரக்காரர் கையில் கொடுத்தால் மெருகுச் சக்கரம் குழிகளோடு முனைகளையும், சமயத்தில் செய்தவன் பெயரையுமே தேய்த்துவிடும். கண்ணாடிபோல் பளபளக்கும், யாருடையது என்று தெரியாது. சில குழிகளை அப்படியே விடுவதில் என்ன கெட்டுப்போயிற்று?

நகல்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். லூகாஸ் நிறுவனம் 1996இல் அமெரிக்க வாரிட்டியோடு இணைந்தது. அதன் பெயர் இப்போது உரிமம் பெற்ற பிறரின் பெட்டிகளில் வருகிறது. அது சட்டப்படி சரி, தேவையும்கூட. இருளில் விளக்கு எரிந்தாக வேண்டும். புதிய நகலை அமிலத்தில் தோய்த்துப் பழையதாக்கி, ‘விற்காமல் கிடந்த அசல் சரக்கு’ என்று விலை கூட்டுகிறவர்களைத்தான் சொல்கிறேன். ‘காலத்துக்கு உரியது’ என்ற வெறி இல்லாவிட்டால் இந்த வியாபாரம் ஒரு நாள் நடக்காது. பழைய வாகனச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற டூரின் சாசனம், புதுப்பிக்கும்போது சேர்க்கும் பாகங்களை நிலையான குறியிட்டு அடையாளப்படுத்தச் சொல்கிறது. எளிய விதி. நகலின் முதுகில் ஆண்டைப் பொறிக்க ஒரு நிமிடம் போதும். செய்பவர்கள் சிலரே, ஏனெனில் பொறித்தால் விலை இறங்கும்.

என் கார், என் பணம் என்பார்கள். சரி. ஆனால் அப்படிச் சொல்பவர் அதே மூச்சில் ‘பாரம்பரியத்தைக் காக்கிறேன்’ என்று பரிசுக் கோப்பைக்கு வரிசையில் நிற்கக்கூடாது. கண்காட்சி நடுவர்கள் பொருத்தியவற்றைப் பட்டியலோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறார்கள்; கழற்றியவை எங்கே என்றும் கேட்கட்டும். ஹீட்டரைக் கழற்றியபோது என்ஜினுக்கும் அறைக்கும் இடையிலுள்ள தகட்டில் இருந்த துளைகளைப் பற்றவைத்து அடைத்தீர்களா, அந்த ஹீட்டரைப் பெட்டியில் வைத்திருக்கிறீர்களா, பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டீர்களா என்று கேட்கட்டும். பதில் சொல்ல முடியாதவர் கோப்பையில்லாமல் வீடு போகட்டும்.