சிபாரிசு என்று சொல்லாத சிபாரிசு

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டே உயிரியல் ஆய்வக வகுப்பும் எடுக்கிறேன். முந்நூறு பேர் உட்காரும் விரிவுரைக்கு ஒரே பேராசிரியர். மாணவர்களை முகம் பார்த்துத் தெரிந்தவர்கள் என்னைப் போன்ற உதவியாளர்கள்தான். அதனால் மருத்துவக் கல்லூரி விண்ணப்பக் காலத்தில், பேராசிரியர் பெயரில் போகும் பரிந்துரைக் கடிதங்கள் சிலவற்றின் முதல் வரைவு என் மேசைக்கு வந்துவிடும்.

இங்கே மதிப்பெண்ணும் எம்கேட் தேர்வும் மட்டும் போதாது. பல கல்லூரிகள் அறிவியல் ஆசிரியர் இருவர், வேறு துறை ஆசிரியர் ஒருவர் என்று கடிதம் கேட்கின்றன. பொது விண்ணப்பத்தில் பத்துக் கடிதங்கள் வரை சேர்க்கலாம். அவற்றைப் படிக்கும் உரிமையை 1974 ஆம் ஆண்டுச் சட்டம் மாணவருக்குத் தருகிறது. ஆனால் "எனக்கு அந்த உரிமை வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிடுவதே வழக்கம்.

போன முறை இருவர் கேட்டார்கள். ஒருவன் இந்திய மருத்துவத் தம்பதியின் மகன். முதல் வாரத்திலிருந்தே என் அறைக்கு வந்து சந்தேகம் கேட்பான். அப்பாவின் நண்பரான இதய மருத்துவரோடு ஒரு கோடை முழுக்க இருந்து பார்த்து, அவரிடமும் கடிதம் வாங்கியிருந்தான். குடும்பப் பெயரைப் பார்த்ததுமே அவர்கள் ஊரில் எந்தத் தெரு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் தெரு எது என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நல்ல பையன், அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொருத்தி கறுப்பினப் பெண். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார், இவள் மருந்துக்கடையில். நான் அறையில் இருக்கும் நேரம் அவளுக்கு ஷிஃப்ட் நேரம். கடைசித் தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது வந்து, மூன்று முறை மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கடிதம் கேட்டாள். மதிப்பெண் இருவருக்கும் ஒன்றுதான். அவனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதலாம். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது, சோதனைக் குழாய்களுக்கு ஒழுங்காகப் பெயர் ஒட்டுவாள் என்பது மட்டும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. தேர்வில் யூத மாணவர்கள் நிறைய ஜெயிக்கிறார்கள் என்று 1922இல் ஹார்வர்டு தலைவர் லோவெல் கவலைப்பட்டார். வெளிப்படையாக ஒதுக்கீட்டு வரம்பு வைக்க எதிர்ப்பு வந்ததும், 1926 வாக்கில் "குணநலன்" என்ற அளவுகோல் வந்தது, புகைப்படத்தோடு. கதவைச் சாத்தவே முடியாத இடத்தில் சாவியைக் கனவான்கள் கையில் கொடுத்துவிட்டார்கள்.

நமக்கும் இது புதிதல்ல. ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரியில் 150 மதிப்பெண்ணில் 50ஐ இரண்டு மூன்று நிமிட நேர்காணலுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அது தன்னிச்சையானது என்று 1980இல் அஜய் ஹாசியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. நீட்டை எதிர்க்கும் நம் தோழர்கள் சிலர் "அமெரிக்காவைப் போல முழு மனிதரையும் பார்த்துச் சேர்க்கலாமே" என்கிறார்கள். வேண்டாம் தோழர்களே. 2007 முதல் 2016 வரை தமிழ்நாட்டில் இருந்த முறை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணும் இடஒதுக்கீடும், யாருடைய நல்ல வார்த்தைக்கும் காத்திருக்க வைக்கவில்லை. அமெரிக்காவிலோ மருத்துவ மாணவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர், வருமானத்தில் மேல் ஐந்தில் இரண்டு பங்குக் குடும்பங்களிலிருந்து வருகிறார்கள்.

நான் இங்கே விண்ணப்பித்தபோது ஊரில் ஒரு பேராசிரியர், "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். என்னைப் புகழ்ந்து நானே எழுத உட்கார்ந்தேன். ஒரு நாள் முழுக்க "கடின உழைப்பாளி"யைத் தாண்டவில்லை. உடன் படித்தவனுக்கு அவன் அப்பாவே, அவரும் பேராசிரியர், எழுதிக் கொடுத்தார்.

கடிதங்களை ஒழிக்க முடியாவிட்டால், எல்லாருக்கும் ஒரே கேள்விகள் உள்ள படிவமாகவாவது மாற்றலாம். வீட்டுப் பொறுப்பு, வேலை நேரம் அதில் இருக்க வேண்டும்.

அந்தப் பெண்ணை மறுநாள் ஷிஃப்ட் முடிந்து இரவு ஒன்பதரைக்கு வரச் சொன்னேன். மருந்துக்கடையில், மருந்தின் அளவு தப்பாக இருந்த சீட்டு ஒன்றைக் கவனித்து மருந்தாளுநரிடம் சொல்லி நிறுத்தியிருக்கிறாள். "இதெல்லாம் கடிதத்தில் எழுதலாமா?" என்று கேட்டாள்.