முதியோர் இல்லத்தில் எதைப் பார்ப்பது?

சம்பள நிலுவை, அரைப் பேர், சேமலாப நிதிக் கடதாசி. சங்கக் காரியாலயத்துக்கு வருகிறவர்கள் வழக்கமாகப் பேசுவது இவற்றைத்தான். அண்மைக் காலமாக வேறொரு கேள்வியும் வருகிறது. கொழும்பில் கடை வேலை செய்யும் மகனோ, குவைத்திலிருந்து லீவில் வந்திருக்கும் மகளோ வந்து உட்கார்ந்து, கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள்: "அம்மாவ ஒரு ஹோம்ல விடலாம்னு இருக்கோம். அந்த எடம் நல்ல எடமா?"

தோட்டத்துத் தண்ணீர் குடிக்கத் தக்கதா, பிள்ளைக் காம்பராவில் பால் கொடுக்கிறார்களா, டிஸ்பென்சரியில் மருந்து இருக்கிறதா என்று பார்க்க நமக்குத் தெரியும். பார்த்துச் சண்டையும் போட்டிருக்கிறோம். முதியோர் இல்லம் ஒன்று நல்லதா கெட்டதா என்று சொல்ல மட்டும் நமக்குத் தெரியவில்லை. இந்தத் தலையங்கம் அதைப் பற்றியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெற்றவர்களை இல்லத்தில் விடுகிறவர்களை ஏசுவதற்காக இதை எழுதவில்லை. லயத்துக் காம்பரா ஒன்றில் எத்தனை பேர் படுக்க முடியும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். மருமகள் மலைக்குப் போகாமல் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தால் அன்றைய நாட் சம்பளம் இல்லை. இன்று எண்பது வயதைத் தொடுகிறவர்களுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மிஞ்சிய 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அந்தக் கணக்கில் அண்ணன் கோத்தகிரிக்கும் தங்கை கூடலூருக்கும் போக, தனியாக இங்கே தங்கியவர்கள் பலர். ஆத்திர அவசரத்துக்கு அழைக்க ஒரு கூடப்பிறந்தவர் இல்லாமல் போனது அவர்கள் செய்த பிழை அல்ல.

இனி நமது பிழைக்கு வருவோம்.

சில வருடங்களுக்கு முன் சங்கத்தின் ஆண்டு நிறைவுக்கு மலையக நகரொன்றில் இருக்கும் இல்லத்துக்குப் போனோம். பழக்கூடை, போர்வை, பகல் சாப்பாடு எல்லாம் கொண்டு போனோம். அங்கே நமது பழைய அங்கத்தவர் ஒருவர் இருந்தார். நாற்பது வருடத்துக்குக் கிட்டக் கொழுந்து எடுத்தவர், அவ்வளவு காலமும் சந்தா கட்டியவர். துவைத்த சேலை உடுத்தி, முன் மண்டபத்தில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். போர்வையை அவர் கையில் கொடுத்துப் படம் எடுத்தோம். அந்தப் படம் இந்த இதழிலேயே வந்தது.

மூன்று வாரம் கழித்து அவரை அரசாங்க வைத்தியசாலையில் சேர்த்தார்கள். பின்பக்க எலும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். இது நேற்று முந்தாநாள் வந்த புண் அல்ல என்று தாதி மகளிடம் சொல்லியிருக்கிறார். அப்படியானால் நாம் படம் எடுத்த அன்று அந்த அம்மா புண்ணின் மேல்தான் உட்கார்ந்திருந்தார். நாம் மண்டபத்தைப் பார்த்தோம், பூஞ்சட்டிகளைப் பார்த்தோம், சாமிப் படத்துக்கு மாலை போட்டிருந்ததைப் பார்த்தோம். அவரைப் பார்க்கவில்லை.

அந்த இல்லத்தில் யாரும் அவரை அடிக்கவில்லை, பட்டினி போடவுமில்லை. இருபதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பகலில் இரண்டு பேர், இரவில் ஒருவர் என்று வேலைக்கு இருந்தார்கள். "முதுகு எரியுது" என்று அவர் பல நாள் சொல்லியிருக்கிறார். இரவு வேலைக்கு இருந்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. குளிருகிறது என்கிறார் என நினைத்து, இன்னொரு போர்வை போர்த்திவிட்டிருக்கிறார். அது நாம் கொடுத்த போர்வையாகவும் இருக்கலாம்.

ஆகவே, நம்மிடம் கேட்கிறவர்களுக்கு நாம் இனிச் சொல்லப்போவது இதுதான். முன் மண்டபத்தில் உட்கார்ந்து பேசக்கூடியவர்களை வைத்து ஓர் இல்லத்தை மதிப்பிடாதீர்கள். எழுந்து நடக்க முடியாத, வாய் திறந்து கேட்க முடியாத ஒருவர் அங்கே இருப்பார். அவருடைய கட்டிலுக்குப் போங்கள். குதிகால், இடுப்பு எலும்பு, முதுகின் அடிப்பகுதி, இந்த இடங்களில்தான் புண் தொடங்கும். தோல் சிவந்திருந்து, விரலால் அழுத்தி எடுத்தபின்னும் அந்தச் சிவப்பு வெளிறாவிட்டால் அது புண்ணின் முதற்படி. கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. அங்கே நிறம் மாறியிருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது தாதிமார் படிக்கிற பாடம். "கடைசியாக எத்தனை மணிக்குப் புரட்டினீர்கள்?" என்று கேளுங்கள். மணியைச் சொல்லக்கூடிய இடமும் உண்டு. சிரித்து மழுப்புகிற இடமும் உண்டு.

அதே கட்டிலில் நின்று தண்ணீர்க் கோப்பை எங்கே இருக்கிறதென்று பாருங்கள். கை எட்டாத தூரத்தில் நிறைந்திருக்கும் கோப்பையால் பயனில்லை. உதடு வெடித்திருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா, கட்டிலில் கையைத் துணியால் கட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். காலை பத்து மணிக்கு எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தால் என்ன குளிசை கொடுக்கிறார்கள் என்று கேட்கத்தான் வேண்டும். மூத்திர வாடை விடியற்காலையில் ஒரு மூலையில் அடிப்பது இயற்கை. எந்நேரமும் எல்லா அறையிலும் அடித்தால் ஆட்கள் போதாது என்று பொருள். பினாயில் வாடை மூக்கைத் துளைத்தாலும் நாம் சந்தேகப்படுவோம். நீங்கள் வருவது தெரிந்து ஊற்றியதாக இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமையும் போயா நாளும் பார்க்கப் போகிறவர்கள் எல்லாருக்கும் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். சொல்லாமல் போங்கள். மாலை ஐந்து, ஆறு மணிக்குப் போங்கள். இராச் சாப்பாடு எத்தனை மணிக்கு, ஊட்டிவிட வேண்டியவர்களுக்கு யார் ஊட்டுகிறார், இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். நாலு மணிக்கே சோற்றைக் கொடுத்து விளக்கை அணைத்துவிட்டு, மறுநாள் விடியும்வரை ஒன்றும் கொடுக்காத இடத்தில் நீரிழிவுக்காரர் ஒருவரை விடுவது ஆபத்து.

கிளினிக் புத்தகத்தை மறக்க வேண்டாம். பிரஷருக்கும் சீனிக்கும் மருந்து எடுக்காத முதியவர் நம் மத்தியில் குறைவு. இல்லத்தில் சேர்த்து ஆறு மாதம் ஆனபின் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, கடைசித் திகதியைப் பாருங்கள். மாதா மாதம் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறோம் என்று வாயால் யாரும் சொல்லலாம். புத்தகம் பொய் சொல்லாது.

மொழியைப் பற்றி மேலே சொன்ன கதையே போதும். ஆனால் ஒரு சொல் சேர்க்கிறோம். தமிழ் பேசும் ஒருவர் பகலில் சமையலுக்கு வருகிறார் என்பது பதிலாகாது. நோவு இரவில்தான் கூடும். இரவு வேலைக்குத் தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்பதே கேள்வி. வெற்றிலையையும் கேளுங்கள். சிரிக்க வேண்டாம். அறுபது வருடம் வெற்றிலை போட்டவரிடம் முதல் நாளே அதைப் பறித்துக்கொண்டு, ஏன் சாப்பிட மறுக்கிறார் என்று கேட்கிற இடங்கள் இருக்கின்றன. வெற்றிலையும் புகையிலையும் வாய்க்கு நல்லதல்ல என்பது நமக்கும் தெரியும். எண்பது வயதில் அதை எப்படி, எவ்வளவு என்று அவரோடு பேசித் தீர்மானிப்பது ஒரு முறை, பையைத் திறந்து எடுத்து வீசுவது இன்னொரு முறை. அந்த வித்தியாசத்தில் இல்லத்தின் குணம் தெரியும்.

பணம். நமது ஆட்களுக்கு மாத ஓய்வூதியம் இல்லை. சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் ஒரே தடவையில் வந்து போகின்றன. 2024 செப்டெம்பரில் வந்த 1,350 ரூபா நாட் சம்பளத்தில் வருடத்துக்கு 14 நாள் வீதம் கணக்குப் போட்டால், 30 வருடச் சேவைக்கு 567,000 ரூபா. மாதம் 40,000 கேட்கிற இல்லமென்றால் பதினான்கு மாதத்தில் அது தீர்ந்துவிடும். பதினைந்தாவது மாதம் என்ன செய்வீர்கள் என்று இல்லத்தாரிடம் முதலிலேயே கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். வங்கிப் புத்தகத்தையோ அடையாள அட்டையையோ இல்லத்தில் ஒப்படைக்க வேண்டாம். பெருவிரல் அடையாளம் கேட்கும் எந்தக் கடதாசியையும் வீட்டார் ஒருவர் வாசிக்காமல் வைக்க விடாதீர்கள். இறந்தால் யாருக்கு அறிவிப்பார்கள், பிரேதத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுவரத் தருவார்களா என்பதையும் கேட்கத்தான் வேண்டும். கேட்கக் கூச்சமாக இருக்கும்.

சட்டம் ஒன்று இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். முதியோரை வைத்துப் பராமரிக்கும் நிலையங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. முறைப்பாடு இருந்தால் பிரதேச செயலகத்தில் முதியோர் விடயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தரிடம் கொடுக்கலாம். அதே சட்டம் பெற்றோரைக் கைவிடக் கூடாது என்று பிள்ளைகளுக்கும் சொல்கிறது. வசதியிருந்தும் கைவிட்ட பிள்ளையிடம் பராமரிப்புச் செலவு கேட்டு முதியவர் மனுக் கொடுக்க ஒரு சபையும் உண்டு. ஆனால் சான்றிதழ் சுவரில் தொங்குகிற கடதாசிதான். புரட்டிப் படுக்க வைக்க ஆள் இருக்கிறதா என்பது அதில் எழுதியிருக்காது.

குறைந்த சம்பளத்துக்கு இந்த இல்லங்களில் வேலை செய்கிறவர்களில் நமது பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஓ.எல். முடித்துவிட்டு வந்த பெண்பிள்ளை ஒருத்தி, பயிற்சி ஒன்றும் இல்லாமல், பன்னிரண்டு மணித்தியாலம் தனியாக இருபது பேரைப் பார்க்கிறாள். அவளைக் குற்றவாளியாக்கி இந்தப் பிரச்சினை தீராது. அவளுக்குப் பயிற்சியும், பக்கத்தில் இன்னொரு ஆளும், வேலை நேரத்துக்கு வரம்பும் வேண்டும். தொழிற்சங்கம் என்ற வகையில் அதைக் கேட்பதும் நமது வேலை.

சங்கத்தின் மத்திய குழுவுக்கு இரண்டு யோசனைகளை முன்வைக்கிறோம். ஒன்று, நமது அங்கத்தவர்களும் அவர்களது பெற்றோரும் இருக்கும் இல்லங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல் போகும் ஒரு குழு. மாதர் அணித் தலைவிமார் இரண்டு பேரும், ஓய்வுபெற்ற தாதி அல்லது மருத்துவிச்சி ஒருவரும் அதில் இருக்க வேண்டும். உள்ளே வரவும் உடம்பைப் பார்க்கவும் இல்லத்தாரிடமும் அந்த முதியவரிடமும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். உள்ளே விட மறுக்கிற இல்லத்தைப் பற்றி அந்த மறுப்பையே குறித்துவைப்போம். பழக்கூடையும் கெமராவும் வேண்டாம்.

மற்றது, பிள்ளைகள் குறைந்து பாதி நாள் பூட்டிக் கிடக்கும் பிள்ளைக் காம்பராக்கள் சில தோட்டங்களில் உண்டு. பகல் நேரத்தில் முதியவர்களை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ள நிர்வாகமும் தோட்ட மனிதவள நம்பிக்கை நிதியமும் இணங்கினால், மருமகள் மலைக்குப் போகலாம், மாமியார் தன் லயத்திலேயே இரவு படுக்கலாம். இல்லம் தேவைப்படுகிறவர்கள் எண்ணிக்கையே பாதியாகக் குறையும் என்று நினைக்கிறோம். கூட்டு ஒப்பந்தப் பேச்சு மேசைக்கு இதைக் கொண்டுபோகச் சம்பளப் பிரச்சினை தீரட்டும் என்று காத்திருந்தால், இப்போது இருக்கிறவர்களுக்கு அது உதவாது.

உங்கள் தாயோ தகப்பனோ இல்லமொன்றில் இருந்தால், இல்லம் இருக்கும் நகரையும், கடைசியாக நீங்கள் போய்ப் பார்த்த திகதியையும் எழுதி, தோட்டத் தலைவர் மூலம் மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்பிவையுங்கள். திகதி பழையதாக இருந்தாலும் எழுதுங்கள். குழு முதலில் போவது அங்கேதான்.