கற்றவர் யாருக்குக் கடமைப்பட்டவர்?

"கல்விக்குத் தேசமில்லை, கணிதம் எங்கும் கணிதமே, மருத்துவம் எங்கும் மருத்துவமே" என்று கூறுவோர் நம்மிடையே பலர் உளர். வட அமெரிக்காவின் ஆதிக்குடித் தேசங்களிற் பணியாற்றுவதற்கெனக் கல்லூரிகள் தனி நெறிகளை நடத்துவதை இவர்கள் குறுகிய நோக்கு எனக் கண்டிக்கின்றனர். திறமையுள்ள பொறியியலாளனுக்கு ஓர் இனத்தின் மொழியும் வரலாறும் எதற்கு என்பது இவர்களது வினா. கேட்பதற்கு இனிய வாதம். ஆனால் வரலாறு இதற்கு மாறாகவே சாட்சி சொல்கிறது.

1944 முதல் 1986 வரை நவாஹோ தேசத்தின் நிலத்திலிருந்து ஏறக்குறைய 3 கோடி தொன் யுரேனியத் தாது அகழ்ந்தெடுக்கப்பட்டது. சுரங்கங்களில் இறங்கி உழைத்தோரிற் பலர் நவாஹோ மக்களே. 1950இல் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரச் சேவை யுரேனியச் சுரங்கத் தொழிலாளரின் உடல்நிலையை ஆராயத் தொடங்கிற்று. ஆராய்ந்தவர்கள் படியாதவர்களல்லர், பட்டம் பெற்ற மருத்துவர்கள், விஞ்ஞானிகள். சுரங்கக் காற்றினால் நுரையீரற் புற்றுநோய் வரலாம் என்பதை உணர்ந்தே ஆராய்ந்தனர். ஆயினும் அவ்வபாயம் தொழிலாளருக்கு எடுத்துரைக்கப்படவில்லை. நட்டஈட்டுச் சட்டம் பிறந்ததோ 1990இலேதான். கைவிடப்பட்ட சுரங்கங்கள் 500க்கு மேல். இங்கே குறைவாயிருந்தது அறிவா? இல்லை. அவ்வறிவு அம்மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கவில்லை.

இக்கடமை தற்செயலாக மறக்கப்பட்டதன்று; மறக்கடிக்கப்பட்டது. 1879இல் பென்சில்வேனியாவின் கார்லைல் நகரில் றிச்சார்ட் ஹென்றி பிராற் என்னும் இராணுவ அதிகாரி நிறுவிய பாடசாலை, ஆதிக்குடிப் பிள்ளைகளின் கூந்தலைக் கத்தரித்தது, பெயரை மாற்றியது, தாய்மொழியைத் தடுத்தது. பிள்ளையிடமுள்ள இந்தியனைக் கொன்றாலன்றி மனிதனைக் காக்கவியலாது என்பதே அவரது கொள்கை.

இவ்வரலாறு எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1816இல் யாழ்ப்பாணத்தில் வேலை தொடங்கிய அமெரிக்க மிஷனை அனுப்பிய அதே சபைதான், மறு ஆண்டு செரோக்கி மக்களிடையேயும் பாடசாலை தொடங்கியது. வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்ற எம் முன்னோர் பலர் அரசாங்க உத்தியோகம் நாடிச் சென்றனர். செரோக்கி மக்களோ, சொந்த எழுத்தும் அரசியலமைப்பும் பத்திரிகையும் உடையவராயிருந்தும், 1838இல் தம் நிலத்தினின்று துரத்தப்பட்டனர். அவர்களுக்காகச் சிறை சென்ற பாதிரிமாரும் அச்சபையில் இருந்தனர் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் பாடசாலை அவர்கள் கையில் இருக்கவில்லை.

இதற்கு மறுமொழி 1968இல் எழுந்தது. நவாஹோ தேசம் தானே ஒரு கல்லூரியை நிறுவியது. இன்று டினே கல்லூரி என வழங்கும் அதுவே, ஐக்கிய அமெரிக்காவில் ஆதிக்குடித் தேசமொன்று தானே நிறுவி நடத்திய முதற் கல்லூரி. நவாஹோ மொழியும் வரலாறும் அங்கே பாடங்களாயின. சுகாதாரம், கல்வி முதலிய அரசாங்க சேவைகளை ஒப்பந்தத்தின் பேரில் தாமே நடத்தும் வாய்ப்பை 1975ஆம் ஆண்டுச் சட்டம் தேசங்களுக்கு அளித்தது. நடத்துவதற்கு ஆட்கள் வேண்டாமா? ஆசிரியர், தாதி, கணக்காளர், சட்டத்தரணி யாவரும் வேண்டும். நீரை அளக்கத் தெரிந்த பொறியியலாளன் மட்டும் போதாது. ஆதிக்குடிக்கென ஒதுக்கிய நிலத்தோடு நீருரிமையும் ஒதுக்கப்பட்டது என 1908இல் வின்ரேர்ஸ் வழக்கில் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் அவன் அறிந்திருத்தல் வேண்டும். அறியாதவன் ஆற்றை அளந்து அயலானுக்குக் கொடுத்துவிடுவான்.

பெரிய பல்கலைக்கழகங்கள் இப்பொழுது விழித்துக்கொண்டன என்பர். கனடாவின் விக்டோரியாப் பல்கலைக்கழகம் ஆதிக்குடிச் சட்டத்தையும் கனடியச் சட்டத்தையும் ஒருங்கே கற்பித்து இரு பட்டம் வழங்கும் நான்காண்டு நெறியை 2018இல் தொடங்கியது. மாணாக்கர் அச்சமூகங்களிடம் சென்று கற்பதும் அதன் பகுதி. இதனை நாம் வரவேற்கிறோம். ஆனால் அனுதாபத்தைப் போதிக்கும் ஒரு பருவப் பாடத்தை வைத்துவிட்டு, ஆதிக்குடிக்குத் தொண்டரை உருவாக்குகிறோம் என்று மார்தட்டுவதை நாம் ஏற்கோம். 1862ஆம் ஆண்டு மொறில் சட்டத்தின் கீழ் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு முதலாய் அமைந்தது, ஆதிக்குடிகளிடமிருந்து எடுக்கப்பட்ட ஒரு கோடி ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். கடனாளி வட்டியில் ஒரு துளியைக் கொடுத்துவிட்டுக் கொடையாளி என்று பெயர் பெறலாமா?

தேசங்களின் சொந்தக் கல்லூரிகளுக்கு நிதியளிக்கும் சட்டம் 1978இல் நிறைவேறியது. 2025இலோ, உள்நாட்டுத் திணைக்களத்தின் ஆதிக்குடி உயர்கல்வி நிதியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை வெட்டிவிட அரசாங்கம் முன்மொழிந்தது. நிலத்தை எடுத்தபோது கணக்குப் பாராதவர்கள், கல்லூரிக்குக் கொடுக்கும்போது சிக்கனம் பேசுகின்றனர்!

எம் கோரிக்கை எளியது. ஒரு தேசத்துக்குப் பணியாற்றப் பயில்பவனுக்கு என்ன கற்பிப்பது என்பதை அத்தேசமே தீர்மானிக்கட்டும். அவன் தேறினானா என்பதையும் அதன் மக்களே சொல்லட்டும். அவன் எழுதும் அறிக்கை தலைநகருக்குப் போகுமுன் அம்மக்களின் மொழியில் அவர்கள் முன்னிலையில் வாசிக்கப்படட்டும். 1950இல் இவ்வழக்கம் இருந்திருந்தால், அச்சுரங்கத் தொழிலாளர் தம் மூச்சைக் கெடுப்பது எது என்பதைத் தாமே அறிந்திருப்பர்.